வெள்ளைச் சேலைக்காரியிடம் அப்பா பேசியது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என் மகள் கீர்த்தி தன் போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அம்மா, நீங்க சொல்லுவீங்களே, ஒரு குட்டி மனுசன் வாளோட நடப்பான், கொழுக்கட்டை மாதிரி என்னமோ குதிச்சு வந்து அடிக்கும்னு. இதுவா பாருங்க."

பார்த்தேன். அதுவேதான். அந்தக் காலத்துக் கை மெசினில் ஓடிய விளையாட்டுகளை இப்போது போனிலேயே இறக்கிக்கொள்ளலாமாம். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பதுபோல் அதே பச்சை கலந்த சாம்பல் நிறம். அதே டிங்டிங் சத்தம். சோற்றுக்கு அரிசி ஊறப்போட்டிருந்தேன். அதை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வயதுப் பொம்பளை பதுளையில் ஒரு வாடகை வீட்டுக் கதவடியில் உட்கார்ந்து கொழுக்கட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தால் நீங்களும் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள்.

மூன்றாவது ஊருக்கு வந்தபோது அந்தச் சின்ன வீடு வந்தது. உள்ளே ஒரு விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். கிட்டப் போய் பட்டனை அழுத்தினேன். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். கீழே 'எஸ்', 'நோ' என்று பெட்டி திறந்தது. நான் 'எஸ்' போட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"பேசப் போறேன்."

"யாரோட?"

பதில் என்னிடம் இருந்தது. ஆனால் உள்ளறைக் கட்டிலில் என் அம்மா படுத்திருந்தார். அவருக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும். இருபது வருசத்துக்கும் மேலாக அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சட்டென்று கதவடியில் போட்டு உடைக்க முடியவில்லை. மகளிடம், "ஒண்ணுமில்ல, பழக்கம்" என்றேன். உங்களிடம் முழுசாகச் சொல்கிறேன்.

நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானபோது அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில் சாய்வாக வெட்டிவிடுவார். பேச்சும் அப்படித்தான், ஒரே வீச்சு. "போறதுன்னா போ. வழியனுப்ப நான் வர மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருவரும் பேசவில்லை. எண்ணியது நான்தான்.

சொன்னபடியே அவர் வரவில்லை. நானும் பெரியம்மாவும்தான் அம்மாவை ரோட்டுக்குக் கூட்டிப்போனோம். பஸ் வந்தது. அம்மா ஏறிவிட்டு, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே போனார். நான் கீழே நின்று கைகாட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லையே என்று எனக்கு அப்போது கோபம்.

எட்டு மாதம் கழித்து, பூனாகலையைச் சேர்ந்த தெய்வானையக்கா லீவில் வந்தார். அம்மா இருந்த அதே தெருவில் இன்னொரு வீட்டில் வேலை செய்தவர். அம்மா கொடுத்துவிட்ட சாமான்களைக் கொண்டுவந்தார். ஒரு போர்வை, வாசனை சவுக்காரம், பால்மா டின். அதோடு ஒரு துணியில் சுற்றிய சாம்பல் நிற மெசின். அம்மா வேலை செய்த வீட்டுப் பையன் புதிது வாங்கிவிட்டு இதைக் கழித்துப் போட்டானாம். சவுக்காரத்தோடு வந்ததால் மெசினிலும் அந்த வாசனை ஏறியிருந்தது. இன்றைக்கும் கடையில் அந்தச் சவுக்காரத்தை மோந்தால் என் பெருவிரல் தானாக அசையும்.

நாலு சின்ன பெற்றரி போடவேண்டும். தீர்ந்துபோனால் தகரக் கூரையில் வெயிலில் காயவைத்து எடுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். விளையாட்டு தொடங்கும்போது பேர் கேட்கும். எழுத்தை மாற்றுவது எப்படியென்று தெரியாமல் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்ததில் எங்கள் ஆளுக்கு நாலு இங்கிலீஸ் 'ஏ', எங்கள் வாசிப்பில் 'ஆ ஆ ஆ ஆ', என்று பேர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ராஜா தொடங்கி மீன் விற்கிறவள் வரைக்கும் அவனைக் கண்டதும் 'ஆ ஆ ஆ ஆ' என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். பாவம், இந்த ஊரில் எல்லாருக்கும் எங்கேயோ வலிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் கிழமை அப்பா அதைத் தொடவில்லை. அவள் அனுப்பிய சாமான் என்று தள்ளியே இருந்தார். கவ்வாத்து வேலை பின்னேரம் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். வந்து கால் கை கழுவி, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாகப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"அந்த முடி வச்ச ஆளு யாரு?"

"ராசாப்பா."

"ராசா இல்ல. தொர. காலையில பெரட்டுக்கு வந்து வரிசையா நிக்கிறவனுக்கு என்ன வேலன்னு பிரிச்சுக் குடுக்குறாரு பாரு. பெரட்டு கலஞ்சதும் இவன் மலைக்குப் போறான்."

அன்றிலிருந்து அது எங்கள் தோட்டம் ஆகிவிட்டது. எங்கள் தேயிலை மலைகளுக்கு இருக்கிற மாதிரியே குகைகளுக்கும் முதலாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை என்று பேர் வைத்தோம். மெசினைப் பிடிக்க அப்பாவுக்குக் கொஞ்சம் பயம். கவ்வாத்துக் கத்தி பிடித்த விரல்கள், பட்டன் ஒன்றை அழுத்தினால் இரண்டு அமுங்கும். ஆனாலும் பிடித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கொழுக்கட்டையைக்கூட வெட்ட விடமாட்டார். "வெள்ளியும் அதுவுமா உசுரக் கொல்லாத" என்பார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆள் வாளை உறையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சும்மா நடப்பான். கொழுக்கட்டை வந்து அடித்தால் ஓடிவிடுவான்.

இரண்டாவது ஊரில் கிணற்றடியில் ஒரு கிழவர் நிற்பார். பேச்சுக் கொடுத்தால் நாலு வரி சொல்வார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்காது. அப்பா அவரைத் தாண்டிப் போகவே மாட்டார். "ஏதோ மனக்கஷ்டம் சொல்றாரு. பெரியவரு. கேட்டுட்டுப் போ" என்று ஒவ்வொரு தடவையும் அந்த நாலு வரியும் முடியும்வரை காத்திருப்பார். போன மாதம் கீர்த்தியிடம் அதைத்தான் முதலில் கேட்டேன், இவர் என்ன சொல்கிறார் என்று. அவள் வாசித்துச் சொன்னாள். இந்தக் கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், ஆயுதக் கடை வடக்குப் பக்கம். அவ்வளவுதான். அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அப்புறம் அந்த வெள்ளைச் சேலைக்காரி. உண்மையில் சேலையா கவுனா என்று இன்றும் சொல்ல முடியாது, அரை விரல் உயரப் படம்தானே. சின்ன வீடு, விளக்கு, வெள்ளை உடுப்பு. அப்பா கண்டதும் மெசினை என் கையில் கொடுத்துவிட்டு, எழும்பிப்போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார். என்னையும் கழுவச் சொன்னார். நான் சூடம் எடுக்கவா என்று விளையாட்டாகக் கேட்டதற்கு முறைத்தார். எங்கள் வீட்டில் சாமி விசயத்தில் விளையாட்டுக் கிடையாது. இன்றும் என் வீட்டில் கிடையாது.

அவள் கேட்ட கேள்வியில் ஒரேயொரு சொல்தான் எனக்குத் தெரிந்த சொல். ஆர், ஈ, சீ, ஓ, ஆர், டீ. ரெக்கார்ட்.

அந்தச் சொல் எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஸ் எழுத்தே தெரியாதவர்களுக்கும் தெரியும். கடை முதலாளியின் பெரிய ரேடியோவில் சிவப்புப் பட்டனுக்குக் கீழே அதுதான் எழுதியிருக்கும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற குடும்பங்கள் கெசட் வாங்கிப்போய் அந்தக் கடையில்தான் பேச்சுப் பிடித்து அனுப்புவார்கள். பொம்பளைகள் அழுவார்கள், பிள்ளைகள் பாட்டுப் பாடும், ஆடு குட்டி போட்டது சொல்லப்படும். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அரிசிச் சாக்கில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா ஒருநாளும் அங்கே போய்ப் பேசவில்லை. "நாலு பேரு முன்னால பொஞ்சாதிகிட்ட என்னத்தப் பேசுறது" என்பார். கடிதமும் நான்தான் எழுதுவேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, தன் பேரின் நாலு எழுத்தை மட்டும் கோடு கிழிப்பதுபோல் பழகி வைத்திருந்தார். கடிதத்தில் என்ன எழுதவென்று கேட்டால், "எல்லாரும் சொகம்னு எழுது" என்பார். எழுதியதும் நாலு எழுத்தை இழுத்துவிடுவார்.

ஆகவே அந்த வெள்ளைச் சேலைக்காரி 'ரெக்கார்ட்?' என்று கேட்டபோது எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மெசினுக்குக் கீழ்ப்பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் வேறு இருந்தன, ரேடியோவில் இருக்கிற மாதிரியே. நான் 'எஸ்' போட்டேன். திரையில் ஏதோ எழுத்து வந்து புள்ளி புள்ளியாக ஓடியது. ஒரு மூச்சு நேரம். பிறகு டிங் என்றது.

"பேசச் சொல்லுதுப்பா" என்றேன். "அந்தப் புள்ளி ஓடுற வரைக்கும்."

முதலில் நான்தான் பேசினேன். "அம்மா, நான் கணக்குல எழுவது எடுத்தேன்." டிங். பெருமையாக இருந்தது. மெசினை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால், எங்கள் ஆள் அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே நின்றான். அதற்கு முன்பெல்லாம் அணைத்துப் போட்டால் முதலிலிருந்து ராஜாவிடம் போய் நிற்பான். "பாத்தியா, மறக்கல. பதிஞ்சிருக்கு" என்றார் அப்பா. கோயிலுக்கு வந்து கும்பிட்டவனைச் சாமி மறக்குமா என்றும் சொன்னார். பேசியதைத் திருப்பிப் போட்டுக் கேட்கிற பட்டன் மட்டும் எதுவென்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அந்தக் குவைத் வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அப்பா பேசத் தொடங்கக் கொஞ்ச நாள் ஆனது. ஒரு மூச்சு நேரம்தான் என்பதால் அவர் முதலிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வருவார். மலையில் வெட்டும்போதே யோசிப்பார் போலிருக்கிறது. கால் கழுவி, துண்டை இடுப்பில் கட்டி, மெசினை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடிப்பார். நான் 'எஸ்' அழுத்துவேன். அவர் சொல்வார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்பதே அவருக்கு நினைவிருந்ததா தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று. அதனால்தான் ஒன்று விடாமல் எனக்குப் பாடம்.

"லெச்சுமி, நாந்தான். நல்லாருக்கோம்."

"ரொட்டி நாந்தான் சுடுறேன். புள்ள திங்குது."

"கோயில் திருவிழாவுல ஓம் பேருக்கு அருச்சன வச்சேன்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைக்குச் சண்டை கிடையாதே, எங்கள் ஆள் நேராக அந்த விளக்கு வீட்டுக்குத்தான் போனான். அப்பா அன்றைக்கு ஒன்றோடு நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப 'எஸ்' போடச் சொன்னார்.

"நீ போன அன்னைக்கி ஏழாம் நம்பர் மலையிலதான் நின்னேன்."

டிங்.

"பஸ்ஸு வளைவு திரும்புற வரைக்கும் பாத்தேன்."

டிங்.

"நீ தலைய நீட்டிப் பாத்த. நான் தேயிலைக்குள்ள குனிஞ்சுக்கிட்டேன்."

டிங்.

அடுத்ததற்கு 'எஸ்' போட்டேன். புள்ளிகள் ஓடின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிங் என்றது. "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன்.

"அது தப்புதான்."

டிங்.

"வந்துரு."

பிறகு மெசினை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், பீலியில் விழுகிற மலைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று பெரியம்மா கொடுத்த கீரையைக் கடைந்தோம்.

தெய்வானையக்கா திரும்பிப் போகிற நாள் வந்தது. அப்பா மெசினை அதே துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தார். எனக்கு அழுகை. கடைசிக் குகையை இன்னும் பார்க்கவில்லை. "அம்மா கேட்டுட்டுத் திருப்பி அனுப்பும்" என்றார். தெய்வானையக்காவுக்கு விசயம் விளங்கவில்லை. "குடுத்தத ஏண்ணே திருப்பி அனுப்புறீங்க, கோவமா?" என்று கேட்டார். "அதுல சேதி இருக்குத் தாயி" என்றார் அப்பா.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. அம்மா ஆறாம் வகுப்புவரை படித்தவர், தானே எழுதுவார். நான் வாசித்தேன். மெசின் வந்து சேர்ந்தது, பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா, ஏன் அனுப்பினீர்கள், அதை அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இங்கே இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும் என்று எழுதவும்.

"வேற?"

"வேற இல்லப்பா."

"அந்த ரெக்கார்டப் பத்தி?"

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். முகவரி எழுதுகிற பக்கத்தையும் பார்த்தேன். "ஒண்ணும் எழுதல."

அப்பா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "கேட்டுட்டுத்தான் இத எழுதியிருக்கா" என்றார். "இருக்கட்டும். அது அவ ஞாயம்."

நீங்கள் யோசித்துப் பாருங்கள். தப்பென்று ஒத்துக்கொண்டு, வந்துவிடு என்று கேட்டு, அதற்கு ஒரு பதில் இல்லை. ஒரு கிழமை அவர் ரொட்டியைக் கருக்கினார். எனக்கும் அம்மா மேல் கோபம்தான். ஆனால் மனசுக்குள் ஒரு அரிப்பு. கணக்கில் எழுபது எடுத்ததைப் பற்றியாவது எழுதியிருக்க வேண்டாமா? அம்மா அப்படி விடுகிற ஆள் இல்லையே.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கேட்டால் சொல்லித் தருவார். இடைவேளையில் போய் நின்றேன்.

"சேர், ரெக்கார்ட்னா என்ன சேர்?"

"எங்கை கண்டனீர் அந்தச் சொல்லை?"

"ஒரு வெளாட்டு மெசின்ல சேர். ஒரு பொம்பள கேக்கும், ரெக்கார்டான்னு."

"ஓ, அதோ. நீர் விளையாடி எங்கை மட்டும் வந்தனீர் எண்டு அது குறிச்சு வைக்கும். நாளைக்கு அதிலையிருந்து தொடங்கலாம். காலமை நான் இடாப்பிலை உங்கடை பேரைப் பதியிறன் எல்லே, அதுவும் ரெக்கோட்தான்."

"கொரல் பதியாதா சேர்?"

"குரலோ? அதுக்கு மைக் வேணுமே பிள்ளை." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், ஆரும் அதிலை கதைச்சவையோ?"

"இல்ல சேர்."

வீட்டுக்கு நடந்துவரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பேர் போடுகிற இடம். இவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் அதை விளக்கவே தேவையில்லையே. நாள் முழுக்க வேலை செய்தாலும் கணக்கப்பிள்ளை பேர் போடாவிட்டால் அந்த நாள் உனக்கு இல்லை. நேரம் பிந்திப் போனால் அரைப் பேர், அரைச் சம்பளம். நாங்கள் சாமியென்று கால் கழுவிக்கொண்டு கும்பிட்டவள் ஒரு கணக்கப்பிள்ளை. அப்பா 'தப்புதான்' என்று சொன்னபோது அவள் எழுதிக்கொண்டது, ஆ ஆ ஆ ஆ என்கிறவன் மூன்றாவது ஊரில் நிற்கிறான், அவ்வளவே.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அம்மா மேலிருந்த வருத்தம் போய்விடும். ஆனால் ஒரு பொம்மைக்கு முன்னால் கால் கழுவி நின்று அழுதோமே என்று அவர் கூசிப்போவார். இரண்டாவது தடவை அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுச விசயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நீலக் கடுதாசியை வாங்கிவந்தார். விமானத் தபாலுக்கென்று மடித்து ஒட்டுகிற மாதிரி விற்பார்களே, அது.

"என்ன எழுதப்பா?"

"அவ இஷ்டம்னு எழுது. இருக்கிறதுன்னா இருக்கட்டும்."

நான் எழுதினேன். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று தொடங்கி, 'அப்பா சொன்னது' என்று ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே ரொட்டி சுடுவதிலிருந்து ஒவ்வொன்றாக, வரிக்கு ஒன்றாக, அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். ஏழாம் நம்பர் மலையை எழுதினேன். தேயிலைக்குள் குனிந்ததை எழுதினேன். தப்புதான். வந்துரு. அவர் சொன்ன 'அவ இஷ்டம்' மட்டும் அதில் இல்லை.

"இவ்வளவா?" என்றார் அப்பா, கடுதாசி நிறைந்திருப்பதைப் பார்த்து.

"பள்ளிக்கூடத்து விசயமும் எழுதினேன்."

அவர் பேனாவை வாங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அந்த நாலு எழுத்தை இழுத்தார். தன் வார்த்தைகளுக்குக் கீழேயே கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அன்று பின்னேரம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அப்பாவை ஏமாற்றியதை அம்மனிடம் மட்டும் சொன்னேன். அம்மன் ஒன்றும் கேட்கவில்லை, ரெக்கார்டா என்றும் கேட்கவில்லை. பயத்தோடு மூன்று தரம் சுற்றிவிட்டு வந்தேன்.

அம்மா மேற்கொண்டு அந்த இரண்டு வருசம் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த மாதமே வந்துவிட்டார். பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய்விட்டார், பஸ் பதினொன்றுக்கு. புதுச் சாரம் கட்டியிருந்தார். அம்மா இறங்கியதும் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். சந்தைப் பக்கம் திரும்பினோம். பிறகு அப்பா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுச்சு" என்றார் அம்மா.

இருவருக்கும் நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது எதை, இவர் சொன்னது எதை என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் வளர்ந்தேன், கல்யாணம் கட்டினேன், பதுளைக்கு வந்தேன். கீர்த்தி பிறப்பதற்கு ஒரு வருசம் முந்தி அப்பா காலமானார். மார்வலி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மூன்றாம் நாள்.

இப்போது அந்தப் பக்கம் போனால் நாங்கள் இருந்த வரிசை வீடு, எங்கள் லயம், இல்லை. அந்த இடத்தில் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள், நல்ல வீடுகள், குறை சொல்ல மாட்டேன். ஏழாம் நம்பர் மலையைக் கைவிட்டுவிட்டார்கள். தேயிலை கவ்வாத்து இல்லாமல் மரமாகிவிட்டது. இப்போது அங்கே நிற்கிறவன் குனிய வேண்டிய அவசியமில்லை, நின்றாலே தெரியாது. கடை முதலாளியும் இல்லை, அந்த ரேடியோவும் இல்லை. என் கணவரின் தங்கை கட்டாரில் இருக்கிறாள். தினமும் போனில் முகம் காட்டிப் பேசுகிறாள், சட்டியில் என்ன வேகிறது என்பதுவரை காட்டுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிசியை உலையில் போட்டுவிட்டு, உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். கீர்த்தியும் வந்து வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். மெசின், வெள்ளைச் சேலைக்காரி, ரெக்கார்ட், இங்கிலீஸ் சேர், நீலக் கடுதாசி. அம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமோ என்று பயந்தேன்.

"அப்ப அது அவரு சொன்னதா?" என்றார்.

"ஆமாம்மா. ஒண்ணுகூட நான் சேக்கல."

"நான் நீயா எழுதுனன்னுல்ல நெனச்சேன்."

எனக்கு விளங்கவில்லை.

"அவரு எங்க இப்புடியெல்லாம் பேசுவாரு. கட்டுரையெல்லாம் எழுதுற புள்ள, அம்மா இல்லாம ஏங்கிப் போய் அப்பா சொன்னதா எழுதியிருக்குன்னு நெனச்சேன். சரி, புள்ள இவ்வளவு கஷ்டப்படுதேன்னுதான் வந்தேன். ஒனக்காகத்தான் வந்தேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவருகிட்ட நான் ஒருநாளும் கேக்கல, நெசமான்னு. கேட்டு இல்லன்னுட்டா?"

அவர்கள் அதற்குப் பிறகு ஏழெட்டு வருசம் ஒன்றாக இருந்தார்கள். சண்டை போட்டார்கள், தீபாவளிக்குத் துணி எடுத்தார்கள், ஒரே தட்டில் வெற்றிலை மடித்தார்கள். அப்பா, இவள் கேட்டுவிட்டுத்தான் வந்தாள் என்று நினைத்துக்கொண்டு. அம்மா, அந்த ஆள் சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு.

அம்மா எழும்பி உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"எப்புடிச் சொன்னாரு? சொல்லிக் காட்டு."

சொன்னேன். லெச்சுமி, நாந்தான். நல்லாருக்கோம். வரிசையாக, ஒரு மூச்சுக்கு ஒன்றாக. வார்த்தை ஒன்றும் தப்பவில்லை. ஆனால் பஸ்ஸும் வளைவும் என்று சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி இருந்தது, என் குரலாகவே இருந்தது. அப்பா எப்படிச் சொன்னார்? கட்டையாகவா, மெதுவாகவா? அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நாலு எழுத்துக் கையெழுத்து சில கடுதாசிகளில் இருக்கிறது. குரல் எங்கள் வீட்டில் எதிலும் இல்லை.

"லெச்சுமின்னு அப்புடிக் கூப்புட மாட்டாரு" என்றார் அம்மா. "ஒரு இழுப்பு இருக்கும்."

"எந்த எடத்துலம்மா?"

அம்மா சொல்லிக் காட்டுவதற்காக வாயைத் திறந்தார். உதடு ஒருமுறை அசைந்தது. கீர்த்தி வாசலிலிருந்து கிட்ட வந்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டு, திரும்பவும் திறந்து பார்த்தார்.

"வரலயே" என்றார்.